கல்லீரல் நோயும் கடைக் குடும்பமும்



வரி, எடையளவு, உணவுப் பாதுகாப்புச் சட்டம், வங்கிக் கடன் என்று நம் தொழிலுக்கு வேண்டிய செய்திகளையே இந்தப் பக்கங்களில் அதிகம் படிக்கிறோம். இம்முறை கல்லீரல் நோயைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. நம் கடைக்காரர்கள் சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு என்றால் வெளியே சொல்லிக் கொள்கிறார்கள். கல்லீரல் நோய் என்றால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. "குடித்துக் கெடுத்துக் கொண்டார்" என்று ஊர் பேசும், மகளுக்கு வந்த வரன் தட்டிப் போகும், சரக்கு அனுப்புகிறவர்கள் கடன் தவணையைச் சுருக்குவார்கள் என்று பல பயங்கள். மறைக்க மறைக்க வைத்தியம் தாமதமாகிறது. குடும்பமும் தனித்துப் போகிறது.

எங்கள் குடும்பம் விருதுநகரில் பருப்பு, வத்தல் மொத்த வியாபாரம் செய்து வருவது. எங்கள் தம்பிக்குக் கல்லீரல் சுருக்கம் என்று 2013-ல் தெரிய வந்தது. மதுவைத் தொட்டவர் அல்ல. பி வகைக் கிருமி உடலில் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்து வேலையைக் காட்டியிருக்கிறது. அன்று முதல் இன்று வரை அவர் கடைக்கு வருகிறார், விலை பேசுகிறார், பேரன் பேத்திகளோடு இருக்கிறார். மருந்தின் அளவைத் தீர்மானிப்பது மருத்துவர் வேலை. அதில் நாம் தலையிட மாட்டோம். ஆனால் நோய் ஒருவருக்கு என்றாலும் அதைச் சமாளிப்பது வீடு முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம் என்பதை இத்தனை ஆண்டுகளில் பார்த்துவிட்டோம். அந்தக் காரியத்தை எப்படிப் பங்கிட்டுச் செய்வது என்பதே இக்கட்டுரை.

கல்லீரல் என்னும் கிடங்கு

கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. வயிற்றின் வலது மேல்புறம் விலா எலும்புக்குள் இருக்கிறது. அதை ஒரு மொத்த வியாபாரக் கிடங்கு என்று நினைத்துக் கொண்டால் நமக்கு எளிதில் விளங்கும். குடலில் செரித்த உணவுச் சத்து பெரிய இரத்தக் குழாய் ஒன்றின் வழியாக முதலில் இங்கேதான் வந்து இறங்குகிறது. வந்ததைப் பிரித்து, நல்லதைச் சேமித்து, கழிவை நீக்கி, வேண்டிய இடத்துக்கு வேண்டிய அளவு அனுப்புவது கல்லீரலின் வேலை. சர்க்கரையை இருப்பு வைக்கிறது. இரத்தம் உறைவதற்கான பொருள்களையும் பித்த நீரையும் செய்கிறது. சாராயம், மருந்து, நச்சு எல்லாவற்றையும் உடைத்து வெளியேற்றுகிறது.

அடிபட்ட இடத்தில் தழும்பு விழுவது போல, பல ஆண்டுகள் தொடர்ந்து கெடுதி ஏற்பட்டால் கல்லீரலிலும் தழும்பு விழுகிறது. தழும்பு மிகுந்து கல்லீரல் இறுகிப் போவதையே கல்லீரல் சுருக்கம், சிரோசிஸ் என்கிறார்கள். கிடங்கு வாசல் அடைத்துக் கொண்டால் லாரிகள் தெருவில் தேங்குவது போல, உள்ளே போக வேண்டிய இரத்தம் வெளியே தேங்கி அழுத்தம் ஏறுகிறது. அதனால் உணவுக் குழாயின் நரம்புகள் புடைத்து, சில சமயம் வெடித்து இரத்த வாந்தி வருகிறது. வயிற்றில் நீர் கோக்கிறது. பழைய வைத்தியர்கள் மகோதரம் என்று சொன்னது இதைத்தான். சுத்தமாகாத நச்சு மூளைக்குப் போய்க் குழப்பத்தை உண்டாக்குகிறது.

இதில் ஆறுதலான செய்தி, தழும்பு விழுந்த பிறகும் மீதிக் கல்லீரல் வெகு காலம் வேலை செய்யும் என்பது. காரணத்தைக் கண்டு நிறுத்தினால் தழும்பு மேலும் வளராமல் நிற்கும். ஓரளவு குறையவும் கூடும்.

காரணங்கள் பல

மது ஒரு பெரிய காரணம்தான். அதை மறுக்க முடியாது. மதுவால் வந்திருந்தால் முழுவதும் நிறுத்துவதே முதல் மருந்து. விசேஷ நாளில் ஒரு மிடறு என்ற சலுகையும் கூடாது. நோய் முற்றிய நிலையிலும் குடியை விட்டவர்கள் தேறுவதை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். அவரைத் திட்டித் தீர்ப்பதால் பயன் இல்லை. குடியை விடுவதற்கும் வைத்தியமும் ஆலோசனையும் உண்டு.

பி, சி வகைக் கிருமிகள் அடுத்த காரணம். பி கிருமியை முற்றிலும் ஒழிப்பது அரிது. ஆனால் டெனோபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் நாள்தோறும் ஒன்று வீதம் அதை அடக்கி வைக்கின்றன. நன்றாக இருக்கிறதே என்று நாமாக நிறுத்தினால் கிருமி திரும்பச் சீறும். 1989-ல் கண்டறியப்பட்ட சி கிருமியோ, இப்போது பெரும்பாலும் 12 வார மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவுக்குக் குணமாகிறது. மத்திய அரசின் தேசிய கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டம் 2018-ல் தொடங்கப்பட்டது. அதன்படி இவ்விரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

மூன்றாவது, கல்லீரலில் கொழுப்புச் சேர்வது. நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்தபடி இருக்கிறோம். நாளுக்கு ஆறு முறை சர்க்கரை போட்ட தேநீர், கூடவே வடை, முறுக்கு. கடை அடைத்து இரவு 11 மணிக்கு வயிறு நிறையப் பரோட்டா. வயிறு முன்னே வருகிறது, சர்க்கரை நோய் சேர்கிறது, கல்லீரலில் கொழுப்பு ஏறுகிறது. ஒரு துளி மது குடிக்காதவருக்கும் இந்த வழியில் சுருக்கம் வருகிறது. உடல் எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைத்தால் இந்தக் கொழுப்பும் வீக்கமும் நன்றாகக் குறையும். நோயின் தொடக்கத்தில் இருப்பவருக்கு இதுவே பெரிய வைத்தியம்.

ஆகவே, கல்லீரல் நோயாளி என்றதும் குடிகாரர் என்று முடிவு கட்டுகிற பழக்கத்தை முதலில் நாம் விட வேண்டும்.

கடை நேரமும் சாப்பாட்டு நேரமும்

கல்லீரல் சுருக்கம் உள்ளவரின் கிடங்கில் சர்க்கரை இருப்பு மிகக் குறைவு. நல்ல உடம்பு இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் எந்த நிலைக்கு வருமோ, அந்த நிலைக்கு இவர் உடம்பு ஒரே இரவில் வந்துவிடும். இருப்பு தீர்ந்ததும் உடல் தன் தசையையே கரைத்துச் செலவு செய்யும். முகம் ஒடுங்கி, கை கால் மெலிந்து, வயிறு மட்டும் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

எனவே இவர்கள் நீண்ட நேரம் பட்டினி இருக்கக் கூடாது. மூன்று வேளையைப் பிரித்து ஐந்தாறு வேளையாகக் கொடுக்க வேண்டும். முக்கியமாக, இரவு படுக்கப் போகுமுன் சிறிது சாப்பிட வேண்டும். இரண்டு இட்லியோ, பாலில் கரைத்த சத்துமாவோ, ஒரு கிண்ணம் தயிர்ச்சோறோ போதும். காலையில் எழுந்ததும் தாமதமின்றி ஏதாவது உள்ளே போக வேண்டும். கடை திறந்து பூசை முடித்து முதல் போணி ஆகும் வரை வெறும் வயிறு என்பது நம் வழக்கம். நோயாளிக்கு அது ஆகாது. ஏகாதசி, வெள்ளிக்கிழமை விரதம், ரமலான் நோன்பு எதுவாயினும் மருத்துவரைக் கேட்காமல் இருக்க வேண்டாம். உடல்நலம் இல்லாதவருக்கு எல்லாச் சமயங்களும் விலக்குத் தருகின்றன.

எங்கள் கடையில் தம்பிக்காக மதியச் சாப்பாட்டை 12.30 மணிக்கு மாற்றினோம். இரவு 8 மணிக்கு அவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று வைத்தோம். கடை அடைப்பது பிள்ளைகள் பொறுப்பு. இதனால் வியாபாரம் குறையவில்லை.

புரதச் சத்தைக் குறைக்க வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். இப்போது அந்தக் கருத்து மாறிவிட்டது. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை நாள்தோறும் புரதம் வேண்டும் என்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். சோறும் ரசமும் மட்டும் கொடுத்து இந்த அளவை எட்ட முடியாது. பருப்பு, பயறு, சுண்டல், பால், தயிர், முட்டை, மீன் எல்லாம் வேண்டும். மூளைக் குழப்பம் வந்து போனவர்களுக்குப் பருப்பிலும் பாலிலும் உள்ள புரதம் இறைச்சியை விட நன்றாக ஒத்துக்கொள்கிறது. "காமாலைக்காரருக்குப் பத்தியம்" என்று சொல்லி எல்லாவற்றையும் நிறுத்துவது நோயாளியைப் பட்டினி போடுவதாகும்.

உப்புக் கணக்கு

வயிற்றிலோ காலிலோ நீர் கோத்தவருக்கு உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். நாள் முழுவதற்கும், எல்லா உணவிலும் சேர்த்து, ஏறக்குறைய 5 கிராம். அதாவது ஒரு தேக்கரண்டி. இதில் நம் கடைச் சரக்கைப் பற்றி நாமே பேச வேண்டியிருக்கிறது. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர், பாக்கெட் மசாலா ஆகியவற்றில் உப்பு மறைந்து நிற்கிறது. குழம்பில் உப்பைப் பாதியாக்கிவிட்டு இரண்டு அப்பளம் பொரித்து வைத்தால் கணக்கு நேராகாது.

உப்புக் குறைந்த சாப்பாடு இறங்கவில்லை என்று நோயாளி தட்டைத் தள்ளிவிடுவது வேறு ஆபத்து. எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி இவற்றைக் கொண்டு ருசி கூட்டலாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே குழம்பைக் குறைந்த உப்பில் செய்து, வேண்டியவர்கள் தனியாகப் போட்டுக் கொள்வது நல்லது. நோயாளிக்கு மட்டும் தனிப் பாத்திரம் வைத்தால் அவர் மனம் நோகும், சமைப்பவருக்கும் இரட்டை வேலை.

சில்லறைக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: சோடியம் குறைந்த உப்பு என்று இப்போது விற்பனைக்கு வரும் பாக்கெட்டுகளில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். நீர் பிரிவதற்காக ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கனவே கூடக் கூடும். இந்த உப்பும் சேர்ந்தால் இருதயத்துக்கே ஆபத்து. "உடம்புக்கு நல்லது" என்று எடுத்துக் கொடுப்பதற்கு முன், மருத்துவரைக் கேட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று பூஞ்சை. ஈரம் தாக்கிய நிலக்கடலை, மக்காச்சோளம், வத்தல் இவற்றில் பிடிக்கும் ஒரு வகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் சில கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். சிறுகச் சிறுக உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்று வரும். பி கிருமி உள்ளவருக்கு இந்த ஆபத்துப் பல மடங்கு. வறுத்தாலும் இந்த நஞ்சு முழுவதும் போகாது. கருத்த பருப்பையும் சுருங்கிய பருப்பையும் பொறுக்கி எறிய வேண்டும். கிடங்கில் மூட்டைகளைத் தரையில் போடாமல் கட்டை மேல் அடுக்க வேண்டும்.

மருந்தும் மூலிகையும்

மஞ்சள் காமாலை என்றதும் நம் ஊரில் கீழாநெல்லியைத் தேடுவது வழக்கம். அதைப் பற்றி ஓர் உண்மைச் செய்தி சொல்ல வேண்டும். சென்னை ஆய்வாளர்கள், பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1988-ல் லண்டன் லான்செட் இதழில் வெளிவந்தது. மூலிகை சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று அதில் கண்டிருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குணமாகும். அப்போது சாப்பிட்ட மூலிகைக்குப் பெயர் போகிறது. கல்லீரல் சுருக்கம் அப்படித் தானாக மாறுவது அல்ல. அதற்கு மூலிகையை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தால், மருந்தால் நிறுத்தியிருக்கக் கூடிய கெடுதி முற்றிவிடும்.

மூலிகை என்றால் தீங்கு செய்யாது என்றும் எண்ண வேண்டாம். கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைத் தொடர்ந்து குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். எந்த முறை வைத்தியமானாலும், சாப்பிடுவதை எல்லாம் கல்லீரல் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

உடல்வலி மாத்திரைகளில் மிகுந்த எச்சரிக்கை தேவை. முதுகு வலி, முழங்கால் வலி என்று டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வாங்கிப் போடக் கூடாது. சிறுநீரகம் கெடும், இரத்தக் கசிவு வரும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கூட மருத்துவர் சொன்ன குறைந்த அளவில்தான். தூக்க மாத்திரையும் கூடாது.

கையெழுத்து மாறினால்

வணிகக் குடும்பங்கள் தனியே கவனிக்க வேண்டியது இந்தப் பகுதி. கல்லீரல் சுத்தம் செய்யாத நச்சு மூளையைத் தாக்கும்போது, தொடக்கத்தில் அது நோய் போலவே தெரியாது. இரவில் தூக்கம் வராது, பகலில் தூங்கி வழிவார். எரிச்சல் படுவார். கூட்டல் தவறும். கையெழுத்துக் கோணும். இருநூறு கடைகளின் பாக்கியை மனத்தில் வைத்திருந்தவர் நேற்று வந்த சரக்கை மறப்பார்.

எங்கள் வீட்டில் இதை முதலில் கண்டவன் தம்பி மகன். "பெரியப்பா, அப்பா ஒரே பில்லை மூணு தடவை கூட்டுறாங்க, மூணு தடவையும் வேற வேற தொகை வருது" என்று வந்து சொன்னான். அன்றே மருத்துவரிடம் போனோம். மலச்சிக்கலால் வந்தது என்று கண்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாளில் தெளிந்துவிட்டார்.

இந்தக் குழப்பத்துக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். மலச்சிக்கல், கிருமித் தொற்று, உள்ளே இரத்தக் கசிவு, நீர் வற்றுதல், தூக்க மாத்திரை ஆகியவை முக்கியமானவை. லாக்டுலோஸ் என்ற இனிப்பு மருந்தை நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகலாக மலம் போகும் அளவுக்குக் கொடுக்கச் சொல்வார்கள். "வயிறு நன்றாகத்தானே போகிறது" என்று அதை நிறுத்திவிடக் கூடாது. வயிற்றைக் காட்டிலும் மூளைக்காகத்தான் அந்த மருந்து.

குழப்பம் வந்து போனவர் மருத்துவர் சொல்லும் வரை வண்டி ஓட்டக் கூடாது. பெரிய கொள்முதல், செக், வங்கிப் பணமாற்றம், பத்திரம் ஆகியவற்றில் இன்னொருவர் உடன் இருக்க வேண்டும். இதை அவர் தெளிவாக இருக்கும் நாளில், அவரையே உட்கார வைத்து, அவர் சம்மதத்தோடு ஏற்பாடு செய்ய வேண்டும். கல்லாச் சாவியைத் திடீரென்று பறிப்பது அவமானம். நாற்பது ஆண்டு கடை நடத்தியவருக்கு அது நோயை விடப் பெரிய அடி.

நாள் குறிப்பும் ஆபத்து அறிகுறிகளும்

கடைக்குச் சிட்டை எழுதுவது போல நோயாளிக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். காலை எழுந்து கழிவறை போய் வந்ததும் எடை, மலம் போன முறை, சாப்பிட்ட மருந்து, தூக்கம் ஆகியவற்றை எழுதினால் போதும். இரண்டு மூன்று நாளில் எடை ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் அது பெரும்பாலும் நீர். உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். இந்த நோட்டை மருத்துவர் முன் விரித்தால் பத்து நிமிடப் பேச்சில் வேலை முடியும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேன் தவறக் கூடாது. சுருக்கம் உள்ள கல்லீரலில் புற்று வரக் கூடும். சிறிதாக இருக்கும்போது கண்டால் வைத்தியம் உண்டு. நரம்புப் புடைப்பைப் பார்க்கக் குழாய்ப் பரிசோதனை சொல்வார்கள். புடைப்பைக் கட்டுப்படுத்த மாத்திரையும் உண்டு, வளையம் போட்டுக் கட்டும் முறையும் உண்டு.

இரத்த வாந்தி, தார் போலக் கருத்த மலம், காய்ச்சலோடு வயிற்று வலி, எழுப்பினால் எழாத தூக்கம், சிறுநீர் குறைதல் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கடை மூடட்டும் என்றும் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள்.

நோயாளியை வேலையில்லாமல் கட்டிலில் போட்டுவிடுவதும் தவறு. தசை கரைந்தால் நோய் வேகமாக முற்றும். மூட்டை தூக்க வேண்டாம். ஆனால் அன்றாட நடையும் அளவான வேலையும் நல்லது.

வீட்டில் உள்ளவர்களுக்கு

பி கிருமி இரத்தத்தாலும் தாம்பத்திய உறவாலும் பரவுகிறது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் வருகிறது. ஒரே தட்டில் சாப்பிடுவதால் வராது, பேரனை மடியில் வைத்துக் கொள்வதால் வராது. ஆகவே நோயாளிக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் தேவையே இல்லை. சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி ஆகியவை மட்டும் தனியாக இருக்கட்டும்.

வீட்டில் உள்ள எல்லோரும் ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்து, கிருமி இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக் கொள்ள வேண்டும். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். நாடு முழுவதும் குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது 2011 முதல் இருக்கிறது. அதற்கு முன் பிறந்த நம் பிள்ளைகள் பலர் போட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் தம்பி மகளுக்கு வரன் பார்த்தபோது நோயை மறைக்கவில்லை. தகப்பனாருக்கு இது இருக்கிறது, பெண்ணுக்குப் பரிசோதனை செய்து ஒன்றுமில்லை, மூன்று ஊசியும் போட்டாயிற்று என்று தாளைக் காட்டியே சொன்னோம். ஒரு வீட்டார் ஒதுங்கினார்கள். அடுத்து வந்தவர்கள், "மறைக்காமச் சொன்னீங்களே அண்ணாச்சி, அது போதும்" என்றார்கள். சரக்கு அனுப்புகிறவர்களிடமும் இப்படித்தான். ஒரு மில்காரர் தவணையை முப்பது நாளிலிருந்து பதினைந்தாக்கினார். மூன்று மாதம் பதினைந்தாம் நாளே பணம் போய்ச் சேர்ந்ததும் பழையபடி முப்பதாக்கினார்.

பணமும் பத்திரமும்

நோயாளி தெளிவாக இருக்கும்போதே முடிக்க வேண்டிய காரியங்கள் சில உண்டு. வங்கிக் கணக்கில் இன்னொருவர் கையெழுத்தும் வாரிசு நியமனமும் சேர்க்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவில் இன்னொருவரை அங்கீகாரம் பெற்ற கையொப்பக்காரராகச் சேர்க்க வேண்டும். கூட்டு வியாபாரமானால் பங்குதாரர் ஒப்பந்தத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிராவிட்டால், பங்குதாரர் ஒருவர் இறந்ததும் கூட்டே கலைந்துவிடும் என்கிறது 1932-ஆம் ஆண்டுச் சட்டம். அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கினால் போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும். உயில் எழுதுவதை அபசகுனம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

மருத்துவக் காப்பீட்டில் நோயை மறைத்துச் சேர்ந்தால் கடைசியில் பணம் வராது. முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 விதிகளின்படி அதிகபட்சம் 36 மாதம். நோய் வருமுன்பே குடும்பம் முழுவதையும் சேர்ப்பது சிறந்தது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டிருக்கிறது. வருமானம் குறைந்த சிறு கடைக்காரர்களும் நம் தொழிலாளர்களும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தகுதி உண்டா என்று பார்க்க வேண்டும்.

மாற்று அறுவை: யார் கொடுப்பது?

மருந்தால் முடியாத நிலை வந்தால் கல்லீரல் மாற்று அறுவை உண்டு. பிலிருபின், இரத்தம் உறையும் அளவு, கிரியாட்டினின் ஆகியவற்றைக் கொண்டு மெல்ட் என்ற எண்ணைக் கணக்கிடுவார்கள். அது 6 முதல் 40 வரை போகும். 15-ஐ எட்டும்போதே மாற்று அறுவையைப் பற்றிப் பேசத் தொடங்குவது நல்லது. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறும் முறைக்கு நம் மாநிலத்தில் 2008 முதல் அரசின் ஒழுங்கான வரிசைப் பதிவு நடைபெறுகிறது. உயிரோடு இருக்கும் உறவினர் தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுப்பது இன்னொரு முறை. கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் சில மாதங்களில் கல்லீரல் வளர்ந்துவிடும்.

கூட்டுக் குடும்பத்தில் இங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. "மனைவிதானே கொடுக்க வேண்டும்", "மூத்த மகன் இருக்கிறானே" என்று ஊரும் உறவும் பேசும். கொடுப்பவருக்கு ஆபத்துக் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம், கொடுப்பவர் தாமாக மனமுவந்து கொடுக்க வேண்டும் என்கிறது. மருமகளையோ சம்பளத்துக்கு இருக்கும் ஆளையோ வற்புறுத்துவது பாவம், பணம் கொடுத்து வாங்குவது குற்றம். முடியாது என்று சொல்கிறவரை வாழ்நாள் முழுதும் குத்திக் காட்டக் கூடாது. மருத்துவர் அவரைத் தனியாக அழைத்துப் பேசட்டும். அவர் என்ன சொன்னாலும் வீடு ஏற்றுக் கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் இதை முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம். தம்பியே முதலில் சொன்னார்: "என் பிள்ளைகளை யாரும் கேட்கக் கூடாது. அவங்களா முன்வந்தா, டாக்டர் சரின்னு சொன்னா, அப்பப் பார்த்துக்கலாம்." இன்று வரை அந்தத் தேவை வரவில்லை. வந்தாலும் யாரும் யார் முகத்தையும் பார்க்க அஞ்ச வேண்டியதில்லை.

பணிவிடை செய்பவரை மறக்க வேண்டாம்

இத்தனையும் பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. தம்பி மனைவி முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகவில்லை. பிறகு வேலையைப் பிரித்தோம். மருந்து வாங்குவதும் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் மகன். நோட்டு எழுதுவது மருமகள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எங்கள் வீட்டில் சாப்பாடு. அன்று அந்த அம்மாளுக்கு விடுமுறை. அவருடைய சர்க்கரை, இரத்தக் கொதிப்பையும் அதே நாளில் பார்த்துக் கொள்கிறோம். கவனிக்கிறவர் படுத்துவிட்டால் நோயாளியின் நிலை என்னவாகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சங்கங்கள் செய்யக் கூடியது

ஆண்டுதோறும் ஜூலை 28 உலகக் கல்லீரல் அழற்சி நாள். புளூம்பர்க் பிறந்த நாளும் அதுவே. அந்த நாளையொட்டி ஒவ்வோர் ஊர் வணிகர் சங்கமும் அரசு மருத்துவமனையோடு பேசி, கடைக்காரர்கள், கணக்கர்கள், சுமை தூக்கும் தொழிலாளர்கள் எல்லோருக்கும் பி, சி பரிசோதனையும் தடுப்பூசியும் கிடைக்க ஏற்பாடு செய்யலாம். முடிவைத் தனித்தனி உறையில் அவரவர் கையிலேயே கொடுக்க வேண்டும். கிருமி இருக்கிறது என்பதற்காக யாரையும் வேலையிலிருந்து நிறுத்த மாட்டோம் என்று சங்கம் முன்கூட்டியே அறிவித்தால்தான் தொழிலாளர்கள் நம்பி வருவார்கள்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மாளிடமும் மருமகளிடமும் கொடுங்கள். கடைத்தெருவில் எவர் வீட்டிலாவது இந்த நோய் இருப்பது தெரிந்தால், என்ன காரணம் என்று துருவாமல், மருத்துவமனைக்குப் போகும் நாளில் கடையை ஒரு மணி நேரம் பார்த்துக் கொள்ளட்டுமா என்று கேளுங்கள்.